டூவீலர் ஸ்டாண்டில் என் கிறிஸ்துமஸ்

எங்கள் சபையில் ஒரு வேலையை யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் எல்லோருடைய கண்ணும் என் பக்கம்தான் திரும்பும். நான் நன்றாகச் செய்வேன் என்ற நம்பிக்கையில் இல்லை. வேறு யாராவது செய்தால் நான் குறை சொல்லியே அவர்களை ஒரு வழி பண்ணிவிடுவேன் என்ற பயத்தில். பெரம்பலூரில் எங்கள் சபை சின்னது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தால்கூட பின்வரிசை நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். அதனால் ஒருவர் கோபம் இன்னொருவருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை.

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், எங்கள் போதகர் ஆராதனை முடிந்ததும் ஒரு யோசனை சொன்னார். கிறிஸ்துமஸ் அன்று நாம் காலையிலேயே கோயிலுக்கு வந்து பாடிவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்குகிறோம். அன்றைக்கும் பஸ் ஓடுகிறது, ஆஸ்பத்திரி நடக்கிறது, தெரு பெருக்குகிறார்கள். அவர்களைப் போய்ப் பார்ப்போம். துண்டுப் பிரதி வேண்டாம், மைக் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். சாப்பாட்டைக் கொடுத்து, "இன்னைக்கும் வேல பாக்குறீங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். அவ்வளவுதான்.

பொதுவாக எந்த யோசனைக்கும் முதலில் எதிர்ப்புச் சொல்வது நான்தான். அன்று சொல்லவில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, விடியற்காலையில் எங்களுக்குக் குழம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அந்தக் குழம்பை அம்மா இல்லாமல் சாப்பிட்ட வருடங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அதனால் போதகர் கேட்பதற்கு முன்பே, "நான் பொறுப்பு எடுத்துக்கிறேன் ஐயா" என்று எழுந்து நின்றுவிட்டேன். சபையே ஒரு நிமிடம் அதிர்ந்து போனது.

என்ன சாப்பாடு கொடுப்பது என்று கூடிப் பேசினோம். எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற வாத்தியார். எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "எலுமிச்சம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்னு வச்சுக்கலாமே" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன சார், கிறிஸ்துமஸுக்கு எலுமிச்சம் சாதமா? டூர் போறவங்களுக்குக் கட்டிக் குடுக்குற மாதிரி? நம்மள என்ன நெனப்பாங்க? சிக்கன் பிரியாணி. கூட ஒரு துண்டு கேக்கு. முடிஞ்சுது."

"அதுக்கில்லம்மா, இது டிசம்பர் மாசம்..." என்று அவர் ஏதோ ஆரம்பித்தார்.

"மாசம் எந்த மாசமா இருந்தா என்ன சார், பிரியாணி பிரியாணிதான்" என்று நான் நோட்டை மூடிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் பேசிக்கொண்டிருந்ததை நான் முடிக்க விட்டிருந்தால் எவ்வளவோ மானம் மிஞ்சியிருக்கும்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து, சமையல்காரர் கொண்டுவந்து இறக்கிய பொட்டலங்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு எட்டரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஏழெட்டுப் பேர் இருப்போம். நான் நெல்லிக்காய்ப் பச்சையில் புதுப் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். முன்னால் நின்ற பஸ்ஸில் சாய்ந்துகொண்டிருந்த ஒரு கண்டக்டரிடம் முதல் பொட்டலத்தை நீட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் கையைக் கூப்பினார். "ரொம்ப சந்தோஷங்க. ஆனா மாலை போட்ருக்கேன் சாமி."

அப்போதுதான் பார்த்தேன். காக்கிச் சட்டைக்குள் துளசி மாலை. தோளில் கறுப்புத் துண்டு. காலில் செருப்பு இல்லை. பக்கத்துப் பஸ் டிரைவர், அவரும் மாலை. நேரக் காப்பாளர் அறை வாசலில் நின்ற மூன்று பேர், மூன்று பேரும் தாடி, மூன்று பேரும் மாலை. ஐயப்பனுக்கு விரதம் இருக்கிற மாதம். மலைக்குப் போகிறவர்கள் கறியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, தினமும் இதே பஸ்ஸில் ஏறி இறங்குகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். பிரியாணி என்று முடிவு செய்த அந்த மயக்கத்தில் மண்டையில் ஏறவே இல்லை.

"அப்ப கேக்கு மட்டும் எடுத்துக்குங்க" என்றார் எங்களில் ஒருவர், நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு.

"முட்ட போட்ருக்குமே சாமி" என்றார் கண்டக்டர், எங்களுக்காக வருத்தப்படுகிற குரலில்.

கையில் ஆளுக்குப் பத்துப் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்றோம். பிரியாணி வாசனை கமகமவென்று எழுந்து விரதக்காரர்களின் மூக்கைச் சோதித்துக்கொண்டிருந்தது. நல்லெண்ணத்தோடு போய் நாற்பது நாள் விரதத்துக்கு உலை வைத்தோம் என்ற பெயர் வந்துவிடுமோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. பொருளாளர் என்னைப் பார்த்தார். நேராக வாழைப்பழ வண்டிக்குப் போய் இரண்டு தார் பூவன் பழத்தை இறக்கச் சொன்னார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பழம் காப்பாற்றியது. டிரைவர்களும் கண்டக்டர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டார்கள். "எங்களயும் ஞாபகம் வச்சு வந்தீங்களே சாமி, அதே போதும்" என்றார் அரியலூர் பஸ் டிரைவர். கிறிஸ்துமஸ் அன்று காலையில் என்னை இத்தனை பேர் சாமி என்று கூப்பிட்டது அந்த ஒரு வருடம்தான். பிரியாணிக்கும் ஆள் இல்லாமல் போகவில்லை. தெரு பெருக்குகிற பெண்கள், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள், பூக்கடை அம்மா, எல்லோரும் வாங்கினார்கள். ஒரு போலீஸ்காரர் பொட்டலத்தை அங்கேயே பிரித்து, "லெக் பீஸ்" என்று பக்கத்தில் நின்றவருக்குத் தூக்கிக் காட்டினார். எனக்கும் தெம்பு திரும்பியது.

அந்தத் தெம்பு டூவீலர் ஸ்டாண்டு வாசல் வரைக்கும்தான்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்ட ஸ்டாண்டு அது. நான் அரியலூரில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் ஸ்கூட்டரை அங்கே விட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். அங்கே டோக்கன் கொடுக்கிற அம்மாவுக்கும் எனக்கும் மூன்று மாதமாகப் பேச்சு கிடையாது. ஸ்டாண்டில் ஒரே ஒரு சட்டம்தான்: ஹேண்டில் லாக் போடக் கூடாது. இடம் போதாததால் வண்டிகளை அவர்கள் இழுத்து இழுத்து நெருக்கி வைப்பார்கள். ஹேண்டிலைப் பூட்டிவிட்டுப் போனால் அந்த வண்டி ஒரு பக்கமாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும், உருட்டவும் முடியாது. எனக்கோ ஒரு முறை ஸ்கூட்டர் திருட்டுப் போன அனுபவம். அதனால் பூட்டாமல் போனால் ஆபீஸில் வேலை ஓடாது. அந்த அம்மா தினமும் சொல்வார், நான் தினமும் பூட்டுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். நான் ஸ்டாண்டு கிடுகிடுக்கக் கத்தினேன். அந்த அம்மாவும் சளைத்தவர் இல்லை. "நாலு பேரா சேந்து தூக்குறதுக்கு இங்க யாரு இருக்கா? ஒத்த ஆளா நான்தான் தூக்கி வச்சேன். அவ்ளோ பயமா இருந்தா வண்டிய ஆபீஸுக்கே தூக்கிட்டுப் போங்க!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் டோக்கனை நீட்டுவார், நான் வாங்குவேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொள்வோம். வண்டியை வேறு ஸ்டாண்டில் விடலாம்தான். அது தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று விடவில்லை. ஹேண்டிலையும் பூட்டாமல் விட்டதில்லை.

ஆகவே கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பக்கம் போகாமலே வேனில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போதகரின் மனைவி விடவில்லை. அவர் சின்னப் பெண், கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது, என்னிடம் பேசவே பயப்படுவார். "அக்கா, அங்க ஒருத்தங்க தனியா உக்காந்துருக்காங்க. நான் போனா குழந்த வெயில்ல அழும். நீங்க குடுத்துட்டு வந்துர்றீங்களா?" என்று பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டார். எங்கள் சண்டை அவருக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

போனேன். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூஞ்சியை எங்கேயோ வைத்துக்கொண்டு, "இந்தாங்க. சர்ச்சுலேருந்து" என்றேன். நன்றி சொல்கிற வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். அழுதிருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேணாங்க. சாப்பாடு எறங்காது. வேற யாருக்காச்சும் குடுங்க."

இதற்கு மேல் கேட்பதற்கு என் சுபாவத்தில் இடமில்லை. ஆனால் அழுத முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முடியவில்லை. "என்ன ஆச்சு?" என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே.

சொன்னார். ஒரே மகள், மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறது. குவைத்துக்குப் போக எழுதிப் போட்டிருந்தது. இழுத்துக்கொண்டே இருந்த விசா திடீரென்று கைக்கு வந்துவிட்டது. இன்றைக்கே விமானம். ஊருக்கு வந்து போக நேரமில்லை. மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிற ரயிலில் ஏஜென்சிக்காரர்கள் கூட்டிப் போகிறார்கள். அந்த ரயில் பத்தரை மணிக்கு அரியலூரில் இரண்டு நிமிடம் நிற்கும். அங்கே வந்து நின்றால் பார்த்துவிடலாம். விட்டால் இரண்டு வருட ஒப்பந்தம், அதற்குப் பிறகுதான்.

"அப்ப கெளம்ப வேண்டியதுதான?"

"எப்புடிங்க கெளம்புறது? கூட வேல பாக்குறவரு மாலை போட்டு நேத்துதான் மலைக்கிப் போனாரு. குத்தகக்காரருக்கு போன் பண்ணேன். லீவு நாள்லதான் வண்டி வரும், பூட்டிட்டுப் போனா நாளைக்கி வேலைக்கி வராதன்னுட்டாரு. நூறு வண்டி நிக்கிது. அப்புடியே போட்டுட்டும் போவ முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குத்தகைக்காரரின் நம்பரை வாங்கி நானே அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். அவருக்கு நல்ல காலம். மணி எட்டு ஐம்பத்தைந்து. அரியலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒன்பது மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. அது போய்ச் சேரும்போது ரயிலின் பின்பக்கம்தான் தெரியும்.

வேனிலிருந்து ஹாரன் அடித்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போதகர் அதற்குப் பிறகு அரும்பாவூர் பக்கம் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போக வேண்டும். ஸ்டாண்டைப் பற்றி ஏதாவது தெரிந்த ஆள் எங்கள் கூட்டத்தில் ஒருத்திதான். தினமும் இங்கே சண்டை போட்டே எல்லாம் தெரிந்துகொண்டவள்.

"போங்க. நான் உக்காந்துக்குறேன்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். "நீங்களா?"

"ஏன், எனக்கு டோக்கன் கிழிக்கத் தெரியாதா?"

நூறு வண்டியையும் தன் வேலையையும் ஒரு சண்டைக்காரியிடம் ஒப்படைப்பது சின்ன விஷயம் இல்லை. அவர் யோசித்தது சரிதான். பிறகு எழுந்தார். மளமளவென்று சொன்னார்: இந்தப் பக்கம் பைக், அந்தப் பக்கம் ஸ்கூட்டர், டோக்கனில் பாதி வண்டிக்கு, பாதி ஆளுக்கு, நம்பர் ஒத்துப்போகாமல் யாருக்கும் வண்டியை விடக் கூடாது, சாமியே வந்து கேட்டாலும் விடக் கூடாது. கடைசியாக, "ஹேண்டில் லாக் மட்டும் போட வுட்றாதீங்க" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கொட்டகையின் கூரையைப் பார்த்தேன்.

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்கு ஓடினேன். பட்டுப் புடவையில் நான் ஓடியதைப் பார்த்து பூக்கடை அம்மா வாயில் பிரியாணியோடு எழுந்து நின்றுவிட்டார். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. குறுக்கே போய் நின்று கையைத் தூக்கினேன். காலையில் பழம் வாங்கின அதே டிரைவர். பத்தரை ரயில், இரண்டு நிமிடம், ஒரே பொண்ணு, குவைத்து என்று நான் மூச்சு வாங்கிக் கத்தினதில் அவருக்கு என்ன புரிந்ததோ. "ஏறச் சொல்லுங்க. சாமி பாத்துக்குவாரு" என்றார். எந்தச் சாமி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது.

திரும்பி வந்து, விஷயத்தைச் சொல்லி வேனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மிச்சப் பழத்தில் ஒரு சீப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் கால் மணி நேரம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பண்டிகை நாளில் ஊருக்குப் போகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பட்டுப் புடவையும் கழுத்து நிறைய நகையுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னிடம் வண்டியைக் கொடுப்பதா வேண்டாமா என்று சிலர் தயங்கினார்கள். என் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர் குடும்பத்தோடு வந்தார்.

"மேடம், நீங்க... இங்க... எப்பலேருந்து?"

"இப்பதான் ஜாயின் பண்ணேன் சார். வண்டிய நேரா நிறுத்துங்க" என்றேன். அவர் போகும்போது மனைவியிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். மறுநாள் ஆபீஸில் என்ன பேச்சு ஓடப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஒன்பதே முக்கால் வாக்கில் இடம் அடைத்துக்கொண்டது. பின்வரிசையில் பெரிய பைக் ஒன்று குறுக்கே நின்றது. அதை ஒரு முழம் நகர்த்தினால் இன்னும் நாலு வண்டி வைக்கலாம். போய்ப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ஹேண்டில் பூட்டியிருந்தது. நெற்றி வரைக்கும் ரத்தம் ஏறியது. டோக்கன் நம்பரைப் பார்த்து, ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்கலாம் என்றால் அவன் இந்நேரம் திருச்சி போய்ச் சேர்ந்திருப்பான். வாசலில் வண்டிகள் ஹாரன் அடித்தன. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி அரை அடி அரை அடியாக நகர்த்தினேன். மூன்றாவது தூக்கலில் சைலன்சர் பக்கத்து வண்டியில் உரசியது. முழங்கை சிராய்த்து எரிந்தது. இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது.

பக்கத்து வண்டியைக் குனிந்து பார்த்தேன். நீளமாக ஒரு கீறல்.

அப்படியே நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஸ்கூட்டரை அந்த அம்மா இப்படித்தான் ஒற்றை ஆளாகத் தூக்கியிருக்கிறார், அதுவும் வாரத்துக்கு ஆறு நாள். ஒரு நாள் கீறியதற்கு நான் ஊரைக் கூட்டினேன். கீறாத மற்ற நாட்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்ட முகம் தெரியாத எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தவள் நான்.

வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் சுபாவம் எங்கே போகும்? அடுத்து ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் சாவியைத் திருகி ஹேண்டிலைப் பூட்டுகிற சத்தம் காதில் விழுந்ததும் என்னையறியாமல் பாய்ந்தேன். "ஹேண்டில் லாக் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" அந்தப் பெண் பாவம், அன்றைக்குத்தான் முதல் முறையாக வருகிறாள். பதறிப்போய் திறந்துவிட்டாள்.

பத்தரை ஆனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயில் வந்திருக்குமா? பஸ் போய்ச் சேர்ந்திருக்குமா? ஸ்டேஷன் ஊருக்குள்ளிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஆட்டோ கிடைத்ததா? அந்த அம்மாவின் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. தினமும் பார்க்கிறவருடைய நம்பரும் தெரியாது, பேரும் தெரியாது. மகளின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு நிமிடம் கைநழுவிப் போய்விடக் கூடாது என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணினேன். ஜெபத்தின் நடுவில் இரண்டு பேருக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு அரியலூர் பஸ் திரும்பி வந்தது. கொட்டகை வாசலிலிருந்தே டிரைவரைக் கூப்பிட்டேன். அவர் வெறுங்காலோடு இறங்கி வந்தார்.

"வழியில ஒரு சிமெண்ட் லாரி ரோட்டுக்குக் குறுக்க நின்னுபோச்சுங்க. இருவது நிமிஷம் அங்கயே போயிருச்சு. அப்புறம் வெரட்டிப் புடிச்சு, பஸ் ஸ்டாண்டுக்குப் போவாம ஸ்டேஷனுக்குத் திரும்புற முக்குலயே எறக்கி வுட்டேன். மணி பத்தே கால் தாண்டிருச்சு. ஓடுனாங்க."

"பாத்துட்டாங்களா?"

"தெரியலீங்களே. வண்டில ஆளுங்க இருந்தாங்க, நிக்க முடியல." அவருக்கும் முகம் வாடியிருந்தது. "பழம் எதும் மிச்சம் இருக்கா சாமி?" என்று கேட்டார். இருந்த ஒரு சீப்பை அப்படியே கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் மெதுவாகப் போன மணி நேரங்களில் ஒன்று. வெயில் கொட்டகைக்குள் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் காலி. எழுந்து போக ஆள் இல்லை. வீட்டிலிருந்து கணவர் போன் செய்து, "சாப்பிட வரல? எங்க இருக்க?" என்றார். "ஸ்டாண்டுல வேலையா இருக்கேன்" என்றேன். "யார்கூட சண்ட?" என்றார் உடனே. முப்பது வருடம் கூட வாழ்ந்தவர்.

பன்னிரண்டரை மணிக்கு அந்த அம்மா வந்தார். அவசரமில்லாமல் நடந்து வந்தார். தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேராக உள்ளே போய் வரிசைகளை ஒரு முறை பார்த்தார். குறுக்கே நின்ற பைக் நகர்ந்திருப்பதைப் பார்த்தார். அப்புறம் என் முழங்கையைப் பார்த்தார்.

"தூக்குனீங்களா?"

"அத வுடுங்க. பொண்ணப் பாத்தீங்களா இல்லியா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்ற பைக்கில் சாய்ந்துகொண்டேன்.

"நான் போயி நின்னதும் ரயில் வந்துருச்சு. எந்தப் பெட்டின்னு தெரியல. அதுதான் கதவுல நின்னுக்கிட்டு 'அம்மா அம்மா'ன்னு கத்துச்சு. எறங்கி ஓடியாந்து கட்டிப் புடிச்சுக்கிச்சு." நிறுத்தி மூச்சு விட்டார். "ரெண்டு நிமிஷம் எப்புடிப் பத்தும்னு பஸ்ஸுல அழுதுக்கிட்டே போனங்க. ஆனா கட்டிப் புடிக்கிறதுக்கு அர நிமிஷந்தான் ஆவுது. மிச்ச நேரம் என்ன பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. சாப்ட்டியான்னு நான் கேட்டேன். சாப்ட்டியான்னு அது கேட்டுச்சு. அதுக்கு மேல வாயத் தொறந்தா அழுதுருவோம்னு சும்மா நின்னோம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் நின்றேன்.

"அப்புறம் அதுதான் கேட்டுச்சு, ஸ்டாண்ட யாரும்மா பாத்துக்கிறான்னு." அவர் என்னை நேராகப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் முறை. "தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்களப் பத்தி போன்ல தெனமும் அதுகிட்டதான் பொலம்புவேன். அதுனால வாயில வந்துருச்சு. 'அந்த சண்டக்காரம்மா பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு ஒக்காந்துருக்குது'ன்னு சொல்லிட்டேன்."

குவைத்துக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு நான் யாரென்று இப்படித்தான் தெரிந்திருக்கிறது. கோபப்படுவதா என்று நான் யோசிப்பதற்குள் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது.

"அதுக்கு நம்பவே முடியல. 'அந்தம்மாவா? பட்டுப் பொடவ கட்டிக்கிட்டா? நம்ம ஸ்டாண்டுலயா?'ன்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிது. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. வண்டி கெளம்பியும் கதவுல நின்னு சிரிச்சுக்கிட்டேதான் கையாட்டுச்சு." முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். "அழுதுக்கிட்டே போவும்னு பயந்துக்கிட்டு இருந்தேன் அக்கா. எம் பொண்ணு சிரிச்சுக்கிட்டே போச்சு."